சரக்குக் கப்பலுக்கு வைத்த வெல்டு

1. நல்ல வெல்டு

நான் கல்கத்தாவில் வேறொரு வேலையை முடித்துக்கொண்டு டெல்லி திரும்பிய அன்று, எங்கள் பட்டறையில் சரக்குக் கப்பலை விண்வெளி நிலையத்தோடு சேர்த்து வெல்டு வைத்து முடித்திருந்தார்கள். வெல்டு அருமையாக வந்திருந்தது. கொஞ்சம் மோசமாக வந்திருந்தால் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டிக் கழற்றியிருப்போம், நானும் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

பதற வேண்டாம், மாடல்தான். நான் வேலை பார்த்தது ஓர் அரசு நிறுவனத்தின் பட்டறையில். பெயர் வேண்டாம், அங்கிருந்தவர்கள் பலர் இன்னும் பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். கண்காட்சிகளுக்கு மாடல் செய்து கொடுப்பது எங்கள் தொழில். அணைக்கட்டு, உரத் தொழிற்சாலை, பசுமாட்டின் நான்கு வயிறு, எது கேட்டாலும் செய்வோம். நான் சீனியர் டிராஃப்ட்ஸ்மேன். படம் போடுவது நான், செய்வது ஃபிட்டர்கள், கையெழுத்துப் போடுவது மேலாளர் சக்ஸேனா.

1984-ல் நம் விமானப்படை அதிகாரி ஒருவர் சோவியத் விண்கலத்தில் ஏறி அவர்களுடைய விண்வெளி நிலையத்துக்குப் போக இருந்தார். டெல்லியில் பஸ் ஸ்டாப்பில்கூட அதே பேச்சு. அதையொட்டி ஒரு கண்காட்சி, அதன் நடுவில் நிலையத்தின் மாடல் என்று எங்களுக்கு ஆர்டர் வந்தது. எம்.எஸ். ஆங்கிள் இரும்பில் ஃபிரேம், அதன் மேல் ஃபைபர் கிளாஸ், அதற்கும் மேல் டுகோ பெயிண்ட். ஒரு மெட்டடோர் வேன் நீளம் இருக்கும்.

நிஜ நிலையத்துக்கு அப்போது இரண்டே கதவுகள். முன்கதவில் அங்கே தங்கியிருப்பவர்களின் கப்பல் எப்போதும் நிற்கும். ஆபத்து என்றால் ஏறிக் கீழே வந்துவிடலாம். பின்கதவில் ஆளில்லாத சரக்குக் கப்பல் வந்து ஒட்டும். சாப்பாடு, தண்ணீர், துணிமணி, கருவிகள், எரிபொருள் எல்லாம் அதில் வரும். நிலையத்துக்குள் எரிபொருளை ஏற்றும் குழாய் பின்கதவுப் பக்கம்தான் இருந்தது என்பதால் அதற்கு அந்தக் கதவுதான்.

எங்கள் மாடலில் சரக்குக் கப்பல் அசையும். ஒரு பட்டனை அமுக்கினால் தண்டவாளத்தில் மெல்ல வந்து பின்கதவில் ஒட்டும். இன்னொரு பட்டனை அமுக்கினால் கழன்று திரைக்குப் பின்னால் போகும். உள்ளே இருந்தது ஒரு ஜீப்பின் வைப்பர் மோட்டாரும் சைக்கிள் செயினும். வெளியே தெரியாதவரை அது விண்வெளித் தொழில்நுட்பம்தான்.

அசைகிற மாடல்கள் விஷயத்தில் எங்கள் பட்டறைக்கு ஒரு வழக்கம் உண்டு. திறப்பு விழா அன்று அசையும். மந்திரி பட்டனை அமுக்குவார், கைதட்டல் கேட்கும், போட்டோ எடுப்பார்கள். மறுநாள் காலை அதற்கு வெல்டு வைத்துவிடுவோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பட்டனை அமுக்கு அமுக்கு என்று அமுக்கி வாரத்துக்குள் உடைத்துவிடுவார்கள், அப்புறம் ரிப்பேருக்கு ஆள் வேண்டும், உதிரிபாகம் வேண்டும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்று யாரோ பழைய மேலாளர் தொடங்கிவைத்தது. எங்கள் மொழியில் அதற்குப் பெயர் 'பெர்மனென்ட் பண்றது'.

இந்த முறையும் அப்படித்தான் உத்தரவு. திறப்பு விழாவுக்கு மறுநாள் பெர்மனென்ட் பண்ணிவிட வேண்டும். ஆனால், நம் ஆள் மேலே இருக்கும்போது திறந்துவைத்தால் பொருத்தமாக இருக்கும் என்று மந்திரி ஆபீஸில் யோசித்து விழாவைத் தள்ளிவைத்தார்கள். நாற்காலிக்காரருக்குச் சொன்னார்கள். பூக்காரருக்குச் சொன்னார்கள். சமோசாக்காரருக்கு இரண்டு தடவை சொன்னார்கள். வெல்டருக்கு யாரும் சொல்லவில்லை. அவர் பழைய தேதிப்படி பெர்மனென்ட் பண்ணிவிட்டு, அன்று சாயங்காலமே பிரேக்கில் போய்விட்டார்.

2. பிரேக்

அந்த வெல்டர் பெயர் மாரிமுத்து. சின்னசேலம் பக்கத்து ஊர்க்காரர், ஒல்லியான மனிதர். ஃபிட்டர் வேலை, வெல்டிங், ஒயரிங் மூன்றும் தெரியும். மனைவியோடும் மகளோடும் யமுனைக் கரையோரக் குடிசைப் பகுதியில் இருந்தார். ஆறு வருடமாக எங்கள் பட்டறையில் மஸ்டர் ரோல் ஆள், அதாவது தினக்கூலி.

பிரேக் என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். தினக்கூலி ஆள் ஒருவர் இடைவெளி இல்லாமல் குறிப்பிட்ட காலம் வேலை செய்துவிட்டால், தன்னை நிரந்தரமாக்கும்படி கேட்கும் உரிமை அவருக்கு வந்துவிடும். அந்த உரிமை வராமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடுதான் பிரேக். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆளை இரண்டு மூன்று வாரம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். திரும்பி வந்ததும் புது ஆள் என்று சேர்த்துக்கொள்வார்கள். மாரிமுத்து ஆறு வருடமாகப் புது ஆளாகவே இருந்தார்.

அந்த வருடம் எங்களுக்கு ஒரு ஃபிட்டர் போஸ்ட் சாங்ஷன் ஆகியிருந்தது. மாரிமுத்துவுக்கு அந்த வருடத்தோடு வயது வரம்பு தாண்டுகிறது. அந்த போஸ்ட் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் ஆயுசுக்கும் மஸ்டர் ரோல்தான். அதற்கு இடைவெளியில்லாத சர்வீஸ் காட்ட வேண்டும். இதற்கிடையே அந்த இடத்துக்குக் கான்பூரில் ஒரு பையன் காத்திருப்பதாகவும், அவன் சக்ஸேனாவின் மனைவி வழியில் உறவு என்றும் கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். கேன்டீன் பேச்சு எங்கள் ஆபீஸில் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

3. நிபுணர் கேட்ட கேள்வி

வெல்டு வைத்ததைப் பார்த்து சக்ஸேனா கவலைப்படவில்லை. பட்டனை அமுக்கினால் விளக்கு எரிகிற மாதிரி செய்துவிடுங்கள், மந்திரிக்கு அது போதும் என்றார். அவர் பேசுவது இந்தியில். தமிழில் எழுதினால் அதிலுள்ள நிதானம் வராது.

கவலைப்பட்டவள் உமா. கரோல் பாக்கில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், பேச்சில் இந்தி கலக்கும், கேள்வியைக்கூட 'சவால்' என்பாள். கண்காட்சிக்கு வருபவர்களுக்கு விளக்கம் சொல்ல எடுத்திருந்தார்கள். ஒத்திகைக்கு ஆபீஸ்காரர்களின் குழந்தைகளை அழைத்து வந்திருந்தோம். முடிந்ததும் என்னிடம் வந்தாள்.

"அங்கிள், குழந்தைங்க எல்லாம் ஒரே சவால்தான் கேக்கறா. இந்த சாமான் கப்பல் எவ்ளோ நாள் இப்படி ஒட்டிண்டு இருக்கும்னு. நான் என்ன சொல்லட்டும்?"

எனக்கும் தெரியவில்லை. நான் படத்தில் அளவுகள் போட்டிருந்தேனே தவிர, நாள் கணக்கு எதுவும் போடவில்லை. நிபுணர் வரும்போது கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் மாதம் முடிகிற சமயத்தில் நிபுணர் வந்தார். சோவியத் நாட்டிலிருந்து கண்காட்சியைச் சரிபார்க்க வந்தவர். உயரமான, தலை நரைத்த மனிதர். அவர் ஆங்கிலமும் எங்கள் ஆங்கிலமும் ஏறக்குறைய ஒரே தரம், அதனால் சுலபமாகப் புரிந்தது. கையோடு ஒரு மரப்பெட்டி கொண்டுவந்திருந்தார். நம் ஆள் போகப்போகிற கப்பலின் அழகான மாடல், எங்கள் அளவுக்கே செய்தது, பரிசு. திறப்பு விழாவில் மந்திரி பட்டனை அமுக்க, இது பின்கதவில் போய் ஒட்ட வேண்டும் என்றார். பிறகு பின்கதவைப் பார்த்தார். பக்கத்தில் போய்ச் சரக்குக் கப்பலைக் கையால் அசைத்தும் பார்த்தார்.

இது ஏன் இன்னும் இங்கே இருக்கிறது என்று கேட்டார். நிஜக் கப்பல் கழன்று போயாகிவிட்டதாம்.

நான் உமாவின் கேள்வியை அவரிடம் கேட்டேன். அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். சரக்குக் கப்பல் தனியாகப் பறப்பது சில நாள்தான். ஒட்டிய பிறகு பொதுவாக ஒரு மாதம் இருக்கும், சில சமயம் ஒன்றரை மாதம் ஆகும், இன்னும் கொஞ்சம் கூடத் தாங்கும். அது கெட்டுப்போகும் என்பதற்காக யாரும் அதை அனுப்புவதில்லை. முதலில் சரக்கை இறக்க வேண்டும், எரிபொருளை மாற்ற வேண்டும். அந்த உயரத்திலும் துளி காற்று இருக்கிறது, அதனால் நிலையம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டே வரும். சரக்குக் கப்பலின் எஞ்சினை இயக்கி நிலையத்தை மேலே தள்ளிக்கொள்வார்கள். அதற்குப் பிறகு காலியான இடத்தில் குப்பையைச் சேர்ப்பார்கள். பழைய துணி, காலி டப்பா, உடைந்த கருவி எல்லாம் அதற்குள் போகும்.

"அப்புறம் அடுத்த கப்பலுக்குக் கதவு வேண்டும். இதற்குக் கிளம்ப வேண்டிய நாள் வந்துவிடும்," என்றார்.

அது பூமிக்குத் திரும்பி வருமா என்று சக்ஸேனா கேட்டார். வராதாம். ஆட்கள் வரும் கப்பலுக்குத்தான் வெப்பத்தைத் தாங்கும் கவசம் உண்டு. சரக்குக் கப்பலுக்கு அது கிடையாது. குப்பையோடு கீழே இறக்கிவிட்டால் காற்றில் எரிந்துபோகும், மிச்சம் மீதி கடலில் விழும்.

சக்ஸேனா தலையாட்டினார். "அச்சா. மஸ்டர் ரோல் ஆள் மாதிரி."

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. புரிந்துவிட்டது என்பதற்கு அடையாளமாகச் சொன்னார். எனக்குத்தான் அதைக் கேட்டதும் மாரிமுத்துவின் ஞாபகம் வந்தது.

நிபுணர் கிளம்பும்போது ஒரே விஷயத்தைத் திரும்பவும் சொன்னார். பின்கதவு காலியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் ஆள் எங்கே போய் இறங்குவார் என்று கேட்டார். இது மாடல்தானே என்று சக்ஸேனா சொல்லிப் பார்த்தார். நிபுணர் சிரிக்கவில்லை. திறப்பு விழாவுக்குச் சில நாட்களே இருந்தன.

4. ஜனக்புரியில் மூன்று ஜன்னல்

வெல்டு உள்பக்கத்தில் இருந்தது. வெளியிலிருந்து கிரைண்டர் வைத்தால் தீப்பொறி பட்டு ஃபைபர் கிளாஸ் பற்றிக்கொள்ளும். அடியில் இருந்த சிறு திறப்பு வழியாக உள்ளே படுத்துப் போய், ஹாக்ஸா பிளேடால் கையால்தான் அறுக்க வேண்டும். எங்களிடம் நிரந்தர ஃபிட்டர்கள் இருவர் இருந்தார்கள். ஒருவருக்கு முதுகுவலி, சர்டிபிகேட் வைத்திருந்தார். இன்னொருவர் முயற்சி செய்தார். வயிறு வரைக்கும் உள்ளே போனார். அவரை வெளியே எடுக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள்.

தவிர, உள்ளே செயினும் ஒயரும் எப்படிப் போகின்றன என்பது மாரிமுத்துவுக்குத்தான் தெரியும். நான் போட்ட படம் ஒரு மாதிரி இருந்தது, வேலை நடந்தது வேறு மாதிரி. எல்லாப் பட்டறையிலும் அப்படித்தான்.

சக்ஸேனா என்னைக் கூப்பிட்டு மெல்லிய குரலில் சொன்னார். மாரிமுத்துவைப் பின்வாசல் வழியாக அழைத்து வாருங்கள், மஸ்டரில் பெயர் வேண்டாம், கூலியைக் கன்டின்ஜென்சியில், அதாவது சில்லறைச் செலவுக் கணக்கில், பார்த்துக்கொள்ளலாம். பிரேக்கின் நடுவில் ஒரு நாள் பெயர் விழுந்தால்கூட அது பிரேக் ஆகாது, சர்வீஸ் தொடர்ந்துவிடும். இது சக்ஸேனாவுக்கு நன்றாகத் தெரியும்.

மாரிமுத்து ஜனக்புரியில் ஒரு புது வீட்டுக்கு ஜன்னல் கிரில் போட்டுக்கொண்டிருந்தார். பிரேக்கில் போகும்போதெல்லாம் இப்படி ஏதாவது வேலை. ஊருக்குப் போக ரயில் செலவுக்கே கட்டாது. என் வீடும் ஜனக்புரிதான் என்பதால் தேடிப் பிடிக்க முடிந்தது. ஏணியில் நின்றவர் என்னைப் பார்த்து இறங்கி வந்தார். நடந்ததைச் சொன்னேன். விழா தள்ளிப்போன விஷயமே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. தன் வெல்டால் வந்த வினை என்று கேட்டதும் சங்கடப்பட்டார், கொஞ்சம் பெருமையும் பட்டார்.

பிறகு கேட்டார். "மஸ்டர்ல பேரு போடுவாங்களா சார்?"

"போட மாட்டாங்க மாரிமுத்து. கையில காசு குடுத்துடறதா சொல்றார்."

"காசு இங்கயும்தான் குடுக்கறாங்க." வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "ஆறு வருசமா இருக்கறன் சார். வர்றப்பல்லாம் புது ஆளுன்னுதான் எழுதறாங்க. எம் பொண்ணுகூட ஆறு கிளாஸ் ஏறிடுச்சுங்க. பேரு போட்டா இப்பவே உங்ககூட வந்துடறன். இல்லன்னா கோச்சுக்காதீங்க, எனக்கு இங்க மூணு ஜன்னல் பாக்கி கெடக்குது."

குரலில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. எனக்கு அவர் மேல் மதிப்பு வந்தது. சக்ஸேனாவிடம் போய் இதை எப்படிச் சொல்வது என்ற பயமும் கூடவே வந்தது. பஸ் பிடித்துப் போய்ச் சொன்னேன்.

அந்த ஆள் என்னை மிரட்டுகிறானா என்று சக்ஸேனா கேட்டார். இல்லை சார், அவருக்கு ஜன்னல் வேலை இருக்கிறது என்றேன். ஜன்னல் எத்தனை என்று கேட்டார். மூன்று என்றேன். அப்போது நிபுணரிடமிருந்து போன். கதவு காலியாகிவிட்டதா என்று விசாரித்தார். சக்ஸேனா ஆகிக்கொண்டிருக்கிறது என்று சொல்லி வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "பெயரைப் போட்டுத் தொலையுங்கள்," என்றார்.

5. நிலையத்துக்குள் படுத்தபடி

மாரிமுத்து பெயர் போட்ட பிறகுதான் கையில் பிளேடை எடுத்தார். திறப்பு வழியாக உள்ளே போய் மல்லாந்து படுத்துக்கொண்டு அறுக்க ஆரம்பித்தார். பிளேடு தேயத் தேய நான் வெளியிலிருந்து புதிது கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் முகம் தெரியாது, கை மட்டும் வெளியே வரும்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் கேட்டது. "சார், நெசக் கப்பலு எத்தினி நாளைக்கு ஒட்டியிருக்குங்க?"

நிபுணர் சொன்னதையெல்லாம் சொன்னேன். எரிபொருள், எஞ்சினால் தள்ளுவது, குப்பை, கடைசியில் கதவுக்காக அடுத்த கப்பல் காத்திருப்பது. ரம்பச் சத்தம் நின்றது.

"கான்பூர்க்காரரு எப்ப வராராம்?"

"தெரியல மாரிமுத்து," என்றேன்.

ரம்பச் சத்தம் மறுபடி தொடங்கியது. அந்த இருட்டுக்குள் படுத்துக்கொண்டு அவர் அதைக் கேட்டது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. இந்த போஸ்ட்டை இவருக்கு வாங்கித் தர ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன். என்ன செய்வது என்பது மட்டும் தெரியவில்லை.

மறுநாள் சரக்குக் கப்பல் கழன்றது. அதே செயினில் பரிசுக் கப்பலையும் கோத்து, ஒன்று போனால்தான் மற்றது வரும் என்கிற மாதிரி லிமிட் ஸ்விட்ச் வைத்துக் கொடுத்தார் மாரிமுத்து. நிபுணர் வந்து பார்த்துவிட்டு இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தார், திருப்தியாகப் போனார்.

நம் ஆள் மேலே இருந்த அந்த வாரத்தில் திறப்பு விழா நடந்தது. மந்திரி பட்டனை அமுக்கினார். சரக்குக் கப்பல் பின்னால் போய்த் திரைக்குள் மறைந்தது, நம் ஆளின் கப்பல் வந்து கதவில் ஒட்டியது. கைதட்டல். வழக்கமாக மந்திரிகள் ஒரு தடவை அமுக்கிவிட்டு டீக்குப் போய்விடுவார்கள். இவர் திரும்ப அமுக்கினார். மறுபடியும் அமுக்கினார். அது எத்தனை நாள் நிற்கும் என்று உமாவிடம் கேட்டார். அவள் இந்தியில் கடகடவென்று சொல்லி முடித்தாள். மந்திரி சந்தோஷமாகி, இதைச் சுற்றிக் கயிறு எல்லாம் கட்டாதீர்கள், டெல்லியில் இருக்கிற எல்லாக் குழந்தையும் வந்து அமுக்கிப் பார்க்கட்டும் என்றார்.

"ஜரூர் சார்," என்று இந்தியில் உறுதி சொல்லிக் குனிந்தார் சக்ஸேனா.

நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வழி தெரிந்துவிட்டது.

6. தினமும் பழுது

விழா முடிந்து பந்தல்காரர்கள் பிரித்துக்கொண்டிருக்கும்போது சக்ஸேனா என்னிடம் வந்தார். நாளைக் காலை பெர்மனென்ட் பண்ணிவிடுங்கள், அந்த ஆளைப் பிரேக்கில் அனுப்பிவிடுங்கள், இந்தத் தடவை ஒழுங்காக முழுப் பிரேக் என்றார்.

செய்துவிடலாம் சார் என்றேன். ஒரு சந்தேகம்தான் என்றேன். எல்லாக் குழந்தையும் அமுக்கட்டும் என்று மந்திரி சொல்லியிருக்கிறார், நீங்களும் சரி என்று சொல்லியிருக்கிறீர்கள். வெல்டு வைத்த பிறகு அவர் வீட்டுக் குழந்தைகளே வந்து அமுக்கிப் பார்த்து, ஒன்றும் நகரவில்லை என்று வீட்டில் போய்ச் சொன்னால் என்ன செய்வது?

சக்ஸேனா முட்டாள் இல்லை. நான் எதற்கு அடி போடுகிறேன் என்று அவருக்குப் புரிந்தது. ஆனால் மந்திரி வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்களா, எத்தனை பேர் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. அதுதான் எனக்கு வசதியாகப் போயிற்று. சரி, ஒரு வாரம் ஓடட்டும் என்றார்.

அசைகிற மாடல் பழுதாகும். பழுதானால் பார்க்க ஆள் வேண்டும். உள்ளே போகக்கூடிய உடம்பு மாரிமுத்துவுக்கு மட்டும்தான் இருந்தது. ஒரு வாரம் ஒரு மாதமாயிற்று. அதற்குள் மேலே நிஜ நிலையத்துக்கு அடுத்த சரக்குக் கப்பல் வந்தது, செய்தித்தாளில் சின்னதாகப் போட்டிருந்தார்கள். அதை வெட்டி சக்ஸேனாவின் மேஜையில் வைத்தேன். அங்கே கப்பல்கள் வந்து போகும்போது இங்கே ஒட்டி வைத்தால் நன்றாக இருக்காது சார் என்றேன்.

கோடை விடுமுறையில் கூட்டம் தாங்கவில்லை. லஜ்பத் நகரிலிருந்தும் ஷாதராவிலிருந்தும் பிள்ளைகள் வந்து வரிசையில் நின்றார்கள். ஒரு நாள் செயின் கழலும். ஒரு நாள் பட்டன் உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும். மோட்டார் சூடாகும். மூடுகிற நேரத்தில் மாரிமுத்து உள்ளே படுத்து எதையோ திருகிவிட்டு வெளியே வருவார். மறுநாள் காலை ஓடும், சாயங்காலம் நிற்கும்.

இது ஏன் தினமும் கெடுகிறது என்று சக்ஸேனா ஒரு நாள் என்னைக் கேட்டார். அவர் கேட்ட மாதிரியே நான் மாரிமுத்துவைக் கேட்டேன்.

"தெனமும் அமுக்கறாங்க சார்," என்றார்.

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் அதற்கு மேல் கேட்கவில்லை. சக்ஸேனாவிடம் அந்தப் பதிலையே சொன்னேன், அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. உமா மட்டும் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தாள், அவளுக்கு என்ன தெரியும் என்று எனக்குத் தெரியாது.

இப்படியே பிரேக் இல்லாமல் ஆகஸ்ட் வந்தது. வேண்டிய காலம் பூர்த்தியானது. மாரிமுத்துவின் விண்ணப்பத்தை நானே எழுதி மேலே அனுப்பினேன். மார்ச்சில் பிரேக் இருந்ததே என்று பர்சனல் செக்ஷனில் கேட்டார்கள். பாதியில் கூப்பிட்டு வேலை வாங்கியதால் அது பிரேக் இல்லை என்று அவர்களே ரூலைப் பார்த்துச் சொன்னார்கள். கான்பூர்ப் பையன் காத்துப் பார்த்துவிட்டு அங்கேயே ஒரு தோல் கம்பெனியில் சேர்ந்துவிட்டான் என்று கேன்டீனில் பேச்சு. சக்ஸேனா ஃபைலை மூன்று நாள் வைத்திருந்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். போடும்போது, உள்ளே போய்ப் பார்க்க ஒரு ஒல்லி ஆள் வேண்டும்தான் என்றார்.

ஆர்டரைக் கையில் கொடுத்தபோது மாரிமுத்து அதை வாங்கிப் படித்தார், மடித்தார், திரும்பப் பிரித்துப் படித்தார். அவர் அழவில்லை. நான்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது.

7. லீவு

நிரந்தரமான பிறகு அவர் கொடுத்த முதல் காகிதம் லீவு விண்ணப்பம். பத்து நாள் கேட்டிருந்தார். ஊரில் ஏதாவது விசேஷமா என்று கேட்டேன்.

"ஊருக்குப் போகலிங்க சார். ஊட்லதான் இருக்கப் போறன். சம்பளத்தோட சும்மா உக்காந்தா எப்படித்தான் இருக்குதுன்னு ஒரு தடவ பாத்துடறன்."

பட்டறை ஆட்களின் லீவுக்கு மட்டும் என் கையெழுத்தே போதும், போட்டேன்.

என்னிடம் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்கெல்லாம் பிற்பாடு ஒன்று சொல்லி வந்தேன். இதைப் படிப்பவர்களில் யாராவது இந்தத் தொழிலில் இருந்தால் உங்களுக்கும் அதேதான். அசைகிற மாடலுக்கு வெல்டு வைக்காதீர்கள். அது பழுதாகட்டும். பழுதானால் பார்க்க ஓர் ஆள் வேண்டியிருக்கும், அந்த ஆளுக்கு ஒரு குடும்பம் இருக்கும். விண்வெளியிலும் இப்போது நிலைமை மாறிவிட்டது. இன்றைய நிலையத்துக்குக் கதவுகள் அதிகம், சரக்குக் கப்பல்கள் அரை வருடம்கூட நிற்கின்றன என்று பேப்பரில் படிக்கிறேன். கதவு கூடினால் இருக்கும் நாளும் கூடுகிறது. இதைக் கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லை, எந்த மஸ்டர் ரோல் ஆளைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்.

மாரிமுத்து லீவில் போன இரண்டாம் நாளே மாடல் நின்றுவிட்டது. வயிறு பெருத்த அந்த ஃபிட்டர் திறப்பு வரை போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். பட்டனுக்குப் பக்கத்தில் 'பழுது' என்று இந்தியில் ஒரு அட்டை தொங்கவிட்டோம். பிள்ளைகள் அதையும் மீறி அமுக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

நாலு நாள் கழித்து சக்ஸேனா என் மேஜைக்கு வந்தார். இந்தக் கூட்டத்தில் அந்த ஆளுக்கு யார் லீவு கொடுத்தது என்று கேட்டார். நான்தான் சார், அவருக்கு லீவு பாக்கி இருந்தது என்றேன். போன ஆள் எப்போது வருவான் என்றார்.

ஆறு வருடமாக மாரிமுத்து வாசலைத் தாண்டிப் போன ஒவ்வொரு முறையும் அவர் திரும்பி வருவாரா என்பது எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. இப்போது தெரியும். அதைச் சொல்வதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை சக்ஸேனா கவனித்தாரோ என்னவோ.

"வர்ற திங்கக்கிழமை காலைல வந்துடுவார் சார்," என்றேன்.